தோட்டத்து மக்களைக் கேட்டவர் யார்?

(சப்பிரகமுவத் தோட்டப் பகுதியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

தலைவர் அவர்களே, கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து ஒரு நாட் சம்பளத்தை இழந்து இங்கு வந்து அமர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே, வடக்கிலும் கிழக்கிலுமிருந்து நெடுந்தூரம் பயணஞ் செய்து வந்திருக்கும் கமக்காரப் பெரியோர்களே, ஆசிரியர்களே, சட்டத்துறை நண்பர்களே,

உலகெங்கும் வாழும் பழங்குடி மக்களின் மனித உரிமை, அவர்தம் சுயநிர்ணய உரிமை என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நாம் பணிக்கப்பட்டிருக்கின்றோம். பால்வெட்டுக் கத்தியையும் கொழுந்துக் கூடையையும் நம்பி வாழும் மக்கள் கூடியுள்ள இவ்விடத்தில், அவுஸ்திரேலியத் தீவொன்றின் குடிகளைப் பற்றியும் ஒடிசா மாநிலத்து மலைவாசிகளைப் பற்றியும் பேச வேண்டிய தேவை யாது என்று சிலர் எண்ணக்கூடும். தேவை மிகவும் உண்டு. ஒரு மக்கட் கூட்டத்தின் நிலத்தையும் வீட்டையும் வருங்காலத்தையும் பற்றிப் பிறர் கூடித் தீர்மானித்துவிட்டு, அத்தீர்மானத்தை அம்மக்களுக்கு ஓர் அறிவித்தலாக மாத்திரம் அனுப்பிவைக்கும் வழக்கம் பூமியின் எல்லாப் பாகங்களிலும் இருந்து வந்துள்ளது. சுயநிர்ணய உரிமை அவ்வழக்கத்துக்கு எதிராக எழுந்த உரிமையாகும். சுருங்கக் கூறின், அது கேட்கப்படும் உரிமை. கேட்டபின் கிடைக்கும் விடைக்கு ஆள்வோர் கட்டுப்பட வேண்டும் என்னும் உரிமை. அந்த அளவுகோலை எடுத்துச் சப்பிரகமுவத் தோட்டத் தமிழரின் வரலாற்றை அளந்து பார்ப்பதே எமது நோக்கம்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். தோட்டத் தமிழர் தம்மை இந்நாட்டின் ஆதிக்குடிகள் என்று கூறிக்கொள்ளவில்லை. அப்பெயருக்கு உரியோர் வேடர். சபரர் என்பது வேடரைக் குறிக்கும் பழஞ்சொல். சப்பிரகமுவ என்னும் இம்மாகாணத்தின் பெயரே அச்சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர். அப்பெயர் இங்கு நிலைத்திருக்க, அம்மக்களோ கிழக்கு நோக்கி ஒதுங்கிப் போயினர். ஒதுங்கிய இடத்திலும் நிம்மதி கிட்டவில்லை. 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த காட்டுக்குள் கால்வைப்பதே அவர்களுக்குக் குற்றமாயிற்று. தமக்கென்று நீதி கேட்கும் தமிழர், வேடருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் காணாதவர்போல் இருத்தல் தகாது.

அவ்வாறாயின், பழங்குடிகளின் உரிமைபற்றிய சட்டக் கொள்கையால் தோட்டத் தமிழருக்கு ஆகும் பயன் யாது? முந்தி வந்தவர் யார், பிந்தி வந்தவர் யார் என்னும் கணக்கோடு அக்கொள்கை நின்றுவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு நிலத்தோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்ட மக்கள், தம் இசைவின்றி அந்நிலத்திலிருந்து அகற்றப்படலாகாது என்பது அதன் உயிர்நாடி. 1966இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய இரு மனித உரிமை உடன்படிக்கைகளும் தமது முதலாம் உறுப்புரையிலேயே, எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்று கூறுகின்றன. இலங்கை 1980இல் அவ்வுடன்படிக்கைகளை ஏற்றுக்கொண்டது. ‘எல்லா மக்களும்’ என்ற சொற்றொடரில் லயத்து மக்கள் அடங்கார் என்று எவரும் விலக்கு எழுதி வைக்கவில்லை.

ஒரே சட்டம் ஆக்கிய இரு காணியற்றோர்

அவுஸ்திரேலியாவை வெள்ளையர் கைப்பற்றியபோது, அந்நிலம் எவருக்கும் சொந்தமற்ற வெறுநிலம் என்று சட்டம் கூறிற்று. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்த மக்கள் சட்டத்தின் கண்ணுக்குத் தென்படவில்லை. மறி தீவுகளைச் சேர்ந்த எடி மாபோவும் அவர்தம் தோழர்களும் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3ஆம் நாள் அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அக்கோட்பாட்டைத் தள்ளிவைத்தது. இருநூறு ஆண்டுகளாகச் சட்டம் என்று போற்றப்பட்டது பொய் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

அத்தகைய கோட்பாட்டின் நிழல் இம்மலைகளின்மீதும் விழுந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்கே உரியவை என்று விதித்தது. கண்டி இராச்சியத்துக்குட்பட்டிருந்த பகுதிகளில் சேனைப் பயிர்செய்த கிராமத்தவன் சன்னசோ வரி செலுத்திய சான்றோ காட்ட வேண்டியவனானான். எழுத்தில்லாத உரிமையை எழுத்தால் நிரூபி என்றால் அவன் எங்கே போவான்? அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை வந்தது. இருபதாம் நூற்றாண்டில் இவ்விரு மாவட்டங்களின் தாழ்ந்த சரிவுகளில் றப்பர் வந்தது.

அந்நிலத்தில் வேலை செய்யத் தமிழகத்தின் மதுரை, திருச்சி, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் நைந்த மக்கள் கொண்டுவரப்பட்டனர். கங்காணியின் கணக்கில் கடனோடு தொடங்கிய வாழ்வு அது. கடனைச் சுமத்தித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இலேதான் ஒழிக்கப்பட்டது.

ஆகவே, தோழர்களே, சிங்களக் கிராமத்தவன் நிலத்தை இழந்ததும் தமிழ்த் தொழிலாளி நிலமில்லாமல் நிலத்தில் அமர்த்தப்பட்டதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள். ஆனால், வேலியின் இருபுறமும் நின்ற இவ்விருவரையும் ஒருவருக்கு ஒருவர் பகைவராகக் காட்டிய அரசியல் வளர்ந்தது. அதற்குச் சாட்சி இம்மாகாணத்திலேயே உண்டு.

கேகாலையிலிருந்து சென்ற இரு வழக்குகள்

கேகாலை மாவட்டத்தில் உந்துகொடைப் பக்கத்தில் நேவ்ஸ்மயர் என்னும் தோட்டம் இருந்தது. அதனை அரசாங்கம் வாங்கி, காணியற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்கத் திட்டமிட்டது. காணியற்றோருக்குக் காணி கொடுப்பதை நாம் ஒருபோதும் எதிர்க்கமாட்டோம். ஆனால், அத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்து உழைத்த நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளரும் காணியற்றோரே. அவர்களுக்குக் கிடைத்ததோ வெளியேறு என்னும் அறிவித்தல். அவர்கள் வெளியேற மறுத்தனர். 1946இல் கேகாலை மாவட்டத் தோட்டங்கள் அவர்களுக்காக வேலைநிறுத்தஞ் செய்தன. லயத்து அறையில் தொடர்ந்து இருந்தமைக்காகத் தொழிலாளர்மீது குற்றவியல் அத்துமீறல் என்று வழக்குத் தொடரப்பட்டது. தான் வாழ்ந்த வீட்டில் இருந்தமையே குற்றம்!

செல்வநாயகம் என்னும் தொழிலாளியின் பெயரால் அவ்வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. அத்தொழிலாளியின் முதன்மையான நோக்கம் தன் இல்லத்தில் தொடர்ந்து இருப்பதேயன்றிப் பிறருக்குத் தொல்லை கொடுப்பதன்று எனக் கண்டு, 1950இல் பிரிவிக் கவுன்சில் அவரைக் குற்றத்தினின்றும் விடுவித்தது.

மூன்று ஆண்டுகளின் பின் அதே மாவட்டத்திலிருந்து மற்றொரு வழக்கு அதே மன்றுக்குச் சென்றது. இடையில் நிகழ்ந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்தம் வாக்கைப் பறித்தது. கேகாலையின் ருவன்வெல்ல, தோட்டத் தொழிலாளரின் வாக்கு எண்ணப்பட்டிருந்த தொகுதி, கலாநிதி என். எம். பெரேராவை 1936இல் அரசாங்க சபைக்கும் 1947இல் பாராளுமன்றத்துக்கும் அனுப்பிய தொகுதி. அத்தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன் பிள்ளை என்பார் விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. மேன்முறையீட்டை விசாரித்த அதிகாரி, இச்சட்டங்கள் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை மீறுகின்றன எனத் துணிந்து தீர்ப்பளித்தார். ஒரு சமூகத்தவர்மீது பிற சமூகத்தவருக்கில்லாத தகுதியின்மையைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்பதே அப்பிரிவு. கொழும்பிலிருந்த உயர் நீதிமன்றம் 1951இல் அத்தீர்ப்பை அழித்தது. 1953இல் பிரிவிக் கவுன்சிலும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது.

அதற்குப் பிரிவிக் கவுன்சில் கூறிய காரணங்களுள் ஒன்றை நாம் மறக்கலாகாது. தம் நாட்டினர் யாவர் என்று வரையறுப்பது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான கடமை என்றது. இந்தியத் தமிழர் போக்குவரத்தாய்த் திரியும் பழக்கமுடையோர் என்பது அவர்தம் தகுதியை ஆராய்வதற்குப் பொருத்தமான உண்மை என்றும் கூறிற்று. 1950இல், லயத்தை விட்டுப் போகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தமைக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறியவன் கேகாலைத் தொழிலாளி. 1953இல், ஓரிடத்தில் நிலைத்திராதவன் என்று கூறப்பட்டு உரிமை இழந்தவனும் அதே கேகாலைத் தொழிலாளி. போ என்றபோது போகவில்லை, அதனால் வழக்கு. இருக்கிறேன் என்றபோது, நீ போகிறவன் என்று பதில்.

அவன் போகிறவன் அல்லன் என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் இரண்டு ஆண்டுகளே அவகாசம் தந்தது. எழுத்தறியாத மக்கள், பிறப்புப் பத்திரமில்லாத மக்கள், அந்த அவகாசத்துக்குள் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்கு விண்ணப்பம் கொடுத்தனர். இந்நாடே எமது நாடு என்று எழுத்தில் கூறிய வாக்கெடுப்பாக அதனைக் கொள்ளலாம். ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது.

எண்ணிக்கையாய்ப் பிரிக்கப்பட்டோர்

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. பின்னர் 1974இல் பேசினர். எஞ்சியோரை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தனர். மாட்டுத் தாவணியில்கூட மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள். இங்கே முகத்தையும் பார்க்கவில்லை. எந்த லயத்து வாசலிலும் எவரும் வந்து, நீ எங்கே வாழ விரும்புகிறாய் என்று கேட்ட பின்னர் அவ்வெண்கள் எழுதப்படவில்லை.

சென்றவர்களிற் பலர் நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அம்மலைகளோ தோடர், கோத்தர், குறும்பர், பணியர் முதலிய பழங்குடிகளின் வாழ்விடம். காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்றுக்கொள்ளும் சட்டம் இந்தியாவில் 2006இலேதான் பிறந்தது. கேட்கப்படாத மக்களை மற்றொரு கேட்கப்படாத மக்களின் மலையில் கொண்டுபோய் வைத்தனர்.

தங்கியோர் நிலை யாது? 1977இலும், 1981 ஆகஸ்டிலும், 1983 யூலையிலும் இம்மாகாணத்துத் தோட்டங்கள் தீயையும் கொள்ளையையும் கண்டன. 1981இல் இரத்தினபுரி மாவட்டத்து லயங்களிலிருந்து உடுத்த உடையோடு ஓடிய குடும்பங்கள் வவுனியாக் காடுகளில் கொட்டில் போட்டன. போக்குவரத்தாய்த் திரியும் மக்கள் என்று 1953இல் எழுதியதை, 1964இல் ஒப்பந்தத்தாலும் 1981இல் நெருப்பாலும் மெய்யாக்க முயன்றனர்.

கேட்டால் என்ன நடக்கும்?

மக்களைக் கேட்டால் நாடு கவிழ்ந்துவிடுமா? ஒடிசாவின் நியம்கிரி மலையில் டொங்கிரியா கோந்தர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அம்மலையில் பொக்சைட்டு வெட்டும் திட்டம் வந்தது. 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், அம்மக்களின் கிராம சபைகளைக் கேட்குமாறு கட்டளையிட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை நின்றது. இந்தியாவும் நிற்கிறது.

2007 செப்டெம்பர் 13ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பழங்குடி மக்களின் உரிமைகள்பற்றிய பிரகடனத்தை 144 வாக்குகளால் நிறைவேற்றிற்று. எதிர்த்தவை நான்கு நாடுகள்: அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து. அந்நான்கும் பின்னர் தம் நிலையை மாற்றிக்கொண்டன. இலங்கை ஆதரித்து வாக்களித்தது. சுதந்திரமாகவும் முன்கூட்டியும் விளங்கியும் அளிக்கப்படும் இசைவின்றி எம்மக்களையும் அவர் நிலத்தினின்று பெயர்க்கலாகாது என்பது அதன் 10ஆம் உறுப்புரையின் கருத்து. ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் கையுயர்த்திய கொள்கையை எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் கடைப்பிடியுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.

ஆனால், ஒரு வினா எழும். நுவரெலியாவில் தோட்டத் தமிழர் செறிந்து வாழ்கின்றனர். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் அவர்கள் சிதறி வாழ்கின்றனர். தெரணியகலையில் ஒரு தோட்டம், பலாங்கொடையில் ஒரு தோட்டம், இடையிலே சிங்களக் கிராமங்கள். எல்லை வகுக்க இயலாத மக்களுக்குச் சுயநிர்ணயம் எவ்வாறு பொருந்தும்? வடதுருவத்தை அண்டிய சாமி மக்கள் இதற்கு வழி காட்டியிருக்கின்றனர். நோர்வேயில் 1989இலும் சுவீடனில் 1993இலும் பின்லாந்தில் 1996இலும் சாமிப் பாராளுமன்றங்கள் அமைந்தன. நோர்வேயில் சாமி ஒருவர் எம்மாவட்டத்தில் வாழ்ந்தாலும், தம்மைப் பதிவு செய்து அம்மன்றுக்கு வாக்களிக்கலாம். தம்மைப் பாதிக்கும் விடயங்களில் அரசு அம்மன்றுடன் கலந்தாலோசிக்க வேண்டும் என்னும் நடைமுறை 2005இல் உடன்பாடாயிற்று. நாட்டைப் பிரிக்காமல், எல்லைக் கல் நடாமல், ஒரு மக்கள் தம் குரலை நிறுவனமாக்கியுள்ளனர். இலங்கை உயர் நீதிமன்றமும் 2017 ஆகஸ்டில், சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது எனத் தீர்ப்பளித்தபோது, நாட்டுக்குள்ளேயே நிறைவேறக்கூடிய சுயநிர்ணய உரிமையைக் கருத்திற் கொண்டது. சட்டத்தின் கதவு அடைபட்டிருக்கவில்லை.

வடக்கிலிருந்து வந்த பெரியோர்களுக்கு

இனி, நெடுந்தூரம் வந்திருக்கும் கமக்காரப் பெரியோர்களுக்கும் சட்டத்துறை நண்பர்களுக்கும் ஒரு சொல். தோட்டத் தமிழரின் உரிமையைப் பறித்த சட்டமும், அச்சட்டத்தை ஆக்கிய அரசில் அமைச்சுப் பதவி ஏற்றல் தகுமா என்ற வினாவுமே தமிழ்க் காங்கிரசைப் பிளந்து, 1949 டிசெம்பரில் செல்வநாயகம் அவர்களின் தலைமையில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தன. அத்தகைய வரலாறுடைய வடக்கிலே, தஞ்சம் புகுந்த தோட்டத்து மக்களின் நிலை யாது? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காடு திருத்தியோர் அவர்கள். நாற்பது ஆண்டு கடந்தும் அவர்களிற் பலர் உறுதியில்லாக் காணியிலிருந்து பிறர் வயலிற் கூலிக்குச் செல்கின்றனர். ‘தோட்டக்காட்டான்’ என்னும் சொல் இன்னும் சில வீடுகளில் வழங்குகின்றது. கொழும்பிடம் சுயநிர்ணயம் கேட்கும் வாய், தன் வயலில் களை பிடுங்குவோனுக்குக் காணி உறுதி கொடு என்று தன் ஊரில் கேட்க வேண்டும். அவ்வாறு கேளாத வாயின் கோரிக்கைக்கு உலகம் மதிப்புத் தராது.

நாம் கோருவன

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரஜாவுரிமைக் கேள்வி பெரும்பாலும் தீர்ந்தது. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணி செய்யத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. இவை போராடிப் பெற்றவை, சிறியன அல்ல. ஆயினும் நிலத்தின் கேள்வி நிற்கின்றது. 1975இல் பெருந்தோட்டங்கள் தேசியமயமாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயம் தோட்டத்தினுடையது. ஐந்து தலைமுறையாய் அதில் வாழ்பவளுக்கு உரியது எது?

2016 மே மாதத்தில் இக்கேகாலை மாவட்டத்திலேயே அரநாயக்கவில் சிங்களக் கிராமத்தின்மீதும் புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பின்மீதும் மலை சரிந்தது. மண் இனம் பார்க்கவில்லை. ஆனால், சொந்தக் காணி உடையவன் இடம்பெயரும்போது தன் இழப்பை ஓர் உறுதியோடு எடுத்துரைக்கலாம். லயத்தவனோ வாழ்ந்ததற்கே சான்று தேட வேண்டியவன்.

ஆகவே நாம் கோருவன நான்கு. ஒன்று, ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடும் தோட்டமும் அமையப் போதிய காணி, அதற்குத் தெளிவான உறுதி; அவ்வுறுதியில் பெண்ணின் பெயரும் இருத்தல் வேண்டும். இரண்டு, தோட்ட நிலத்தைத் துண்டாடவோ பயிர் மாற்றவோ மக்களைப் பெயர்க்கவோ முன், அத்தோட்டத்து மக்களைத் தமிழிலே கூட்டி, விளக்கி, இசைவு பெறுதல். மூன்று, சிதறி வாழும் இம்மக்களுக்கென அவர்களே வாக்களித்துத் தெரிவு செய்யும் ஒரு சபை. அதனைக் கலந்தாலோசிக்கும் கடமை அரசுக்குச் சட்டத்தால் விதிக்கப்படல் வேண்டும். நான்கு, அண்டைக் கிராமத்துக் காணியற்ற சிங்களவருக்கும் காணி. நேவ்ஸ்மயரில் செய்ததுபோல் ஒருவன் அடுப்பை அணைத்து மற்றவன் அடுப்பை மூட்டுவது எமக்கு வேண்டாம்.

தோழர்களே, இம்மண்ணில் உங்கள் முன்னோர் புதைந்துள்ளனர். அவர்கள் நட்ட மரத்திற் பால் வடிகின்றது. அடுத்த முறை எந்த அதிகாரியாயினும், எந்தக் கம்பனியாயினும், எந்தத் தமிழ்த் தலைவராயினும், நாம் உட்பட, உங்களைப் பற்றிய தீர்மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு லயத்து வாசலுக்கு வருவாராயின், கடதாசியை வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எழுதுமுன் எம்மைக் கேட்டீர்களா? அக்கேள்வியைக் கேட்கத் தொடங்கும் நாளிலேயே உங்கள் சுயநிர்ணய உரிமை தொடங்குகின்றது.